தேயக் கூடாத பக்கம்

ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டே மணி சொல்லப் பழகியவர்கள் நாம். இன்று நம்மில் சிலருக்குக் காது மந்தம். எனக்குக் கண்ணாடியின்றி ஊசியில் நூல் கோக்க வருவதில்லை. ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்த உங்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி முன்னமே தெரிந்திருக்கும். தெரிந்த அந்தப் பாதி பிழையானது என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர், சொந்த அக்காள் கணவருடைய வண்டியிலிருந்தே நல்ல உறுப்பை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு அந்நாளில் உங்கள் வீடுகளில் உலவியது. அந்த மெக்கானிக் என் தாய்மாமா. அக்காள் கணவர் என் தந்தை. எனக்கு அப்போது பதினோரு வயது. எண்பதுகளின் பிற்பகுதி, தவக்காலம் பிறக்கும் முன்னரே வெயில் பிறந்துவிட்ட ஓர் ஆண்டு.

அப்பா தொழிற்சாலையில் தர ஆய்வாளர். கடைசலாகி வரும் உறுப்புகளை அளந்து, தகுதியானவற்றுக்கு முத்திரையிடுவதும் தகாதவற்றின்மேல் சிவப்பு வண்ணம் தீற்றி ஒதுக்குவதும் அவர் வேலை. அவர் ஒதுக்கிய ஒன்றை மேலதிகாரிகூட மறுமுறை அளக்கச் சொன்னதில்லை என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; சொற்களையும் அளந்தே செலவிடுவார். அம்மா முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவர். அவருக்கு அளவு கிடையாது. தட்டில் விழுந்த தோசையின் விளிம்பை அப்பா உற்றுப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாங்க, பாஸா, ரிஜெக்டா? சீலு குத்துங்க, அடுத்தத ஊத்தணும்" என்பார்.

வண்டி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். குவார்ட்டர்ஸில் அதுவரை இருந்தவை, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும்தாம். அப்பா வாங்கியதோ எண்ணெய் கலக்கத் தேவையில்லாத நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக். எதிர்வீட்டு ஃபோர்மேன் வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்னால் குந்தி, புகைக்குழாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "பொகையே காணோமே சார், ஆன்ல கீதா?" என்று கேட்டார். அந்த வண்டியின் ஓசையை இப்போது எந்தத் தெருவிலும் நான் கேட்பதில்லை. தையல் இயந்திரத்தைத் துணியால் மூடி ஓட்டினாற்போன்ற ஓசை அது.

அதன் தலைப்பகுதிக்குள் ஒரு சாணுக்கும் குறைவான எஃகுத் தண்டு ஒன்று உண்டு. கேம்ஷாப்ட் என்பார்கள். நெம்புருள் தண்டு என்று பின்னாளில் அகராதியில் கண்டேன்; பட்டறையில் அதைக் கேம் என்று மட்டுமே சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தண்டின்மேல் முட்டை வடிவில் இரண்டு புடைப்புகள். முட்டையின் கூர்முனை சுழன்று வரும்போது ஒரு நெம்புகோலை உந்தும். நெம்புகோல் வால்வைத் திறக்கும். கூர்முனை கடந்ததும் முட்டையின் உருண்ட முதுகு வரும். அப்போது நெம்புகோல் அதனை அழுத்தாமல் ஓய்ந்திருக்க வேண்டும். அந்த ஓய்வுக்கென்று ஒரு மயிரிழை இடைவெளியைத் திருகாணியால் அமைப்பதைத்தான் 'டாப்பெட் வைப்பது' என்பார்கள். ஆகவே கேம் தேய்வதானால் கூர்முனையில் தேயலாம். முதுகு தேயக் கூடாது.

ஆண்டுக்கொரு முறை மாமா அந்தத் தலையைத் திறந்து கரி சுரண்டுவார். கேமை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நூல்கழிவால் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் வருடுவார். நகம் எங்கும் இடறாமல் போனால், "ராஜா மாரி கீது" என்று சொல்லித் திரும்ப வைப்பார். டாப்பெட்டையும் வைத்து மூடிவிட்டு, அப்பாவிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வார்:

"மச்சான், வெச்சத நோண்டாதீங்க. லைட்டா டிக்டிக்னு சத்தம் வரும். வர்ட்டும். சத்தம் வந்தா நல்லதுதான்."

அப்பாவுக்கு அந்த 'வரட்டும்' பிடிக்காது. ஓசை என்றால் அவருக்குத் தளர்வு. தளர்வு என்றால் கவனக்குறைவு.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். பட்டாபிராமில் முதல் பூசை. அப்பா ஓட்ட, நான் பெட்ரோல் தொட்டியின்மேல், அம்மா பின்னால். வீடு திரும்பும்போது எட்டரை மணி இருக்கும். பத்து மணிக்குமேல் எங்கள் வாசலில் வெயில் இறங்கிவிடும். ஆதலால் அப்பா வந்த கையோடு லுங்கிக்கு மாறி, நிழல் இருக்கும்போதே வண்டியருகே அமர்ந்துவிடுவார். பக்கத்தில் நீல ரெக்சின் உறை, அதற்குள் முந்திய ஆண்டு அவர் வாங்கிய ஃபீலர் கேஜ். கைவிசிறிபோல் விரியும் எஃகுத் தகடுகள் அவை. ஒவ்வொன்றின்மேலும் அதன் கனம் பொறித்திருக்கும். அந்த உறை வீடு மாறியபோது எங்கோ தொலைந்தது. தகடுகளை விரிக்கும்போது எழுந்த எண்ணெய் மணம் மட்டும் தொலையவில்லை.

மாமா வண்டியைத் திருப்பிக் கொடுத்தபின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா தகட்டை நுழைத்துப் பார்ப்பார். தகடு தளர்வாக ஆடும். "உன் தம்பிக்கு அளவு தெரியல" என்று உள்ளே நோக்கிச் சொல்லிவிட்டு, திருகாணியை ஒரு சிறிது இறுக்கி, புத்தகத்தில் கண்ட அளவுக்கு வைப்பார். அதன்பின் வரும் ஒவ்வொரு ஞாயிறும் அளப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அளவு துல்லியமாக இருக்கும். அவர் முகத்தில் அப்போது தோன்றும் அமைதியை நான் பூசையின்போதுகூடக் கண்டதில்லை. காலையில் வண்டி எட்டு உதை, பத்து உதைக்குப் பிறகே கிளம்பியதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பனி என்றார். பனிக்காலம் போனபின் பெட்ரோலில் கலப்படம் என்றார்.

திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை, ஆண்டுப் பராமரிப்புக்காக வண்டி பட்டறையில் நின்றது. குவார்ட்டர்ஸ் வண்டிகளெல்லாம் அப்பாவின் சொல்லை நம்பியே மாமாவிடம் வந்தவை. அன்றும் ஃபோர்மேனும் அப்பாவின் நண்பர்கள் நால்வரும் தத்தம் வண்டிகளோடு காத்திருந்தார்கள். நான் அப்பாவோடு போயிருந்தேன். மாமா கேமைக் கழுவினார், துடைத்தார், வெயிலுக்கு நேரே பிடித்தார். கண்ணை மூடவில்லை. நகத்தால் வருடவும் இல்லை. சட்டென்று நூல்கழிவுக்குள் அதைச் சுற்றிக்கொண்டார்.

"குடு பாக்கலாம்" என்றார் அப்பா.

கேமின் முதுகில் கருமையான மேற்பூச்சு இருந்தாக வேண்டும். அது முற்றிலும் அழிந்து, சில்லறைக் காசுபோல் பளபளத்தது. ஒரு பக்கம் கோடு கோடாகக் கீறலும் விழுந்திருந்தது.

"மேல தேஞ்சாலும் பரவால்ல. முதுகுல எப்படித் தேயும்?"

மாமா நூல்கழிவால் கையைத் துடைத்தார்.

"கேக்குறேன்ல."

"தேஞ்சிக்கீது மச்சான். உடுங்க. புச்சு ஒண்ணு நானே வாங்கிப் போட்டுத் தரேன்."

"நீ ஏன் போட்டுத் தரணும்?" என்றார் அப்பா. ஐந்து பேரும் அருகில் வந்துவிட்டார்கள். அப்பா என்னை அழைத்தார்.

"பாப்பா, நம்ம வீட்ல இந்த இஞ்சினை யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடல. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்ததும் நீங்க மட்டுந்தாம்ப்பா."

ஃபோர்மேன் உரக்கச் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் கை பட்டா அது ரிப்பேரா பாப்பா? ஆசீர்வாதம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். என்மேல் சினந்து பார்க்கிறார் என்றெண்ணி நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். நான் சொன்ன விடையைச் சரியாகக் கேட்டவர் அங்கு அவர் ஒருவரே என்பது விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அப்பா, தொழிற்சாலையில் ஓர் உறுப்பை ஒதுக்கும் அதே குரலில் சொன்னார். "வாராவாரம் அளந்து வச்ச வண்டி. இதுல கேம் முதுகு தேய வழியே இல்ல. அப்ப இது என் வண்டிக் கேமே இல்ல."

ரயில் ஒன்று கடந்து போயிற்று. பிறகு மாமா, "இல்லன்னா இல்ல மச்சான். உங்க வண்டி, உங்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஃபோர்மேன் தம் ஸ்கூட்டரைத் தாங்கியிலிருந்து இறக்கி, "இன்னொரு நாள் வரேம்பா" என்று தள்ளிக்கொண்டு நடந்தார். மற்ற நால்வரும் ஒருவர்பின் ஒருவராக நடந்தார்கள்.

வீட்டில் அம்மா கேட்டார்: "எந்தம்பி திருடிட்டான்னு அத்தினி பேரு முன்னால சொன்னீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. கேம் என்னது இல்லன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

அதன்பின் அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினார். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபோது தொடங்கிய தவக்காலத்தில் எங்கள் வீட்டில் புலால் இல்லை, பாட்டு இல்லை, வெள்ளிதோறும் ஒருவேளை கஞ்சி, மாலையில் சிலுவைப்பாதை. ஆகவே அம்மாவின் மௌனமும் ஒறுத்தல்களில் ஒன்று என்றே அப்பா கொண்டார். "உங்க அம்மாவுக்கு இந்த வருஷம் பக்தி ஜாஸ்தி" என்று என்னிடம் ஒருநாள் மெச்சிக்கொண்டார். அளவெடுக்கத் தெரிந்தவர், அந்த மௌனத்தின் கனம் அவருக்குத் தெரியவில்லை.

புதிய கேமை அம்பத்தூரில் ஒரு பெரிய பட்டறையில் வாங்கிப் பொருத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து தகட்டை நுழைத்தார். தளர்வு. "இவனுக்கும் தெரியல" என்று வியந்துவிட்டு இறுக்கினார். அதற்கடுத்த ஞாயிறுகளில் அளவு துல்லியம். நெமிலிச்சேரிப் பட்டறைக்கோ குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வண்டியும் போகவில்லை. முதலில் ஐந்து பேர் நிறுத்தினார்கள். அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் பிறகு நிறுத்தினார்கள். உங்கள் அப்பாமார்களும் அவர்களில் இருந்தார்கள், குறையாகச் சொல்லவில்லை. என் அப்பாவின் சொல்லை யார்தான் ஐயுறுவார்கள்?

குருத்தோலை ஞாயிறன்று மாமா கோவிலில் கடைசித் தூணருகே நின்றிருந்தார். பவனி முடிந்து கூட்டம் கலைகையில் அம்மாவிடம் வந்தார். கையில் குருத்தோலையைச் சிலுவையாக மடித்தபடியே பேசினார்.

"பண்டிகைக்கு வர்லக்கா. கோச்சிக்காத."

"ஏன்டா, எனக்கு வேற யார்டா கீறாங்க?"

"பண்டிக முடிஞ்ச திங்கக்கெழம அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில ஹெல்பரா சேர்றேன். பட்டறைய ஓனராண்ட ஒப்படைச்சிடுவேன். வண்டியே வராத எடத்துல ஒக்காந்துகினு இன்னா பண்றது, சொல்லு."

ஓலைச் சிலுவையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தாய் தந்தை இல்லாதவர், மணமாகாதவர். கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் அவருக்கு எங்கள் வீட்டு இலைதான். அன்று நண்பகல் அம்மா ஆறு வாரத்துக்குப் பின் அப்பாவிடம் வாய் திறந்தார்.

"ஈஸ்டருக்கு அவன் எல நம்ம ஊட்ல உழலன்னா, அன்னிக்கி அடுப்பு எரியாது. சொல்லிட்டேன்."

ஈஸ்டருக்கு முந்திய நாளான பெரிய சனிக்கிழமை விடியலில் அப்பா எங்கோ புறப்பட்டார். வண்டி கிளம்பவில்லை. இருபது உதைவரை நான் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன். வேர்த்து வழிய நின்ற அப்பா, என்ன நினைத்தாரோ, நீல உறையை எடுத்துவரச் சொன்னார். தகடுகளை வாங்கியபின் முதன்முறையாக, ஓடாத, குளிர்ந்த எஞ்சினில் ஒன்றை நுழைத்தார். நுழையவில்லை. அதனினும் மெல்லிய தகட்டை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. உறையிலிருந்தவற்றுள் ஆக மெல்லியது, ஊதினால் நடுங்குவது, அதுவும் வாயிலிலேயே மடங்கியது.

ஆறு நாளுக்கு முன் அளந்து, துல்லியம் என்று அவர் மூடிய இடைவெளி அங்கு இல்லவே இல்லை.

அவர் வண்டியின் தலையைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. கேமை வெளியே எடுத்தார். வாங்கி ஐம்பது நாள்கூட ஆகாத கேம். யாரும் மாற்றியிருக்க வழியில்லாத கேம். அதன் முதுகு பளபளத்தது. உள்ளே போய் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து வந்தார். இடைவெளியின் அளவுக்குக் கீழே அவரே சிவப்புப் பென்சிலால் இரட்டைக் கோடிட்டிருந்தார். அந்த எண்ணுக்கு மேலே, கோடிடாத சிறிய எழுத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்கவும் என்றிருந்தது.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். சூட்டில் எஞ்சினின் தலை விரியும், இடைவெளியும் விரியும். பூசையிலிருந்து நாங்கள் ஓட்டி வந்த எஞ்சின் தொட்டால் சுடும். அந்தச் சூட்டில் தளர்ந்து கண்ட இடைவெளியைப் புத்தக அளவுக்கு அவர் இறுக்கியதால், வண்டி ஆறியதும் இடைவெளி அறவே மறைந்தது. காலைதோறும், எண்ணெய் இன்னும் மேலே ஏறாத வேளையில், நெம்புகோல் கேமின் முதுகை விடாமல் உரசியது. ஞாயிறுதோறும் சூட்டிலேயே மீண்டும் அளந்ததால் அவர் செய்தது சரியென்றே தகடு சொல்லிவந்தது.

அப்பா வாசற்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். டாப்பெட்டை மட்டும் வண்டி கிளம்புமளவுக்குக் கையால் தளர்த்திவிட்டார். அதைச் சரியாக வைக்க அவருக்கு இப்போது தெரியும், வைக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்து, எதிர்வீட்டுக்கு நடந்தார். பிறர் வீட்டுக் கதவை அவர் தட்டி நான் கண்டதில்லை.

"மச்சினன் மேல தப்பு இல்ல. அது என் கேம்தான். நான்தான் டாப்பெட்டைச் சூட்டுல வச்சுக் கெடுத்திருக்கேன்" என்றார்.

ஃபோர்மேன் அப்பாவின் தோளைத் தொட்டார். "அட, உடுங்க சார். நாளைக்குப் பண்டிக. ஊட்ல அம்மா சொல்லியிருப்பாங்க. எனக்கும் மச்சினன் கீறான், புரியாதா?"

"இல்ல. நெசமாவே நான்தான்."

"சரி சார், சரி சார். நீங்க சொன்னா சரிதான்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஐந்து வீடுகளிலும் ஏறத்தாழ இதுவே விடை. ஒருவர் அப்பாவின் பெருந்தன்மையைப் புகழ்ந்தார். மற்றொருவர், குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றார். பிழையாகச் சொன்னபோது ஒரே மூச்சில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது அதனை ஓர் இரக்கச் செயலாக்கிவிட்டார்கள். ஐந்தாம் வீட்டு வாசலில் அப்பா, கையில் முத்திரை இல்லாமல் தொழிற்சாலைக்குப் போய்விட்டவர்போல் நின்றார். அந்தப் பேச்சு உங்கள் வீடுகளில் ஓயாமல் நிலைத்தது இப்படித்தான்.

பிறகு நெமிலிச்சேரிக்குப் போனோம். பட்டறையில் பாதிச் சாமான் ஏற்கெனவே சாக்கில் இருந்தது. மாமா எங்களைப் பார்த்து எழுந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"டாப்பெட் வைக்கணும்" என்றார் அப்பா.

மாமா எஞ்சின்மேல் கை வைத்து உடனே எடுத்தார். "ஓட்டிகினு வந்துகீறீங்க. கொதிக்குது. இப்ப வெக்க முடியாது. ஆறட்டும், ஒரு ரெண்டு மண்ணேரம் ஆவும்."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லில் மாமாவின் முகம் மாறியது. சாக்கை ஓரமாகத் தள்ளிப் பலகையில் இடம் விட்டார். அப்பா அமர்ந்தார். இருவருக்கும் நடுவே நான். எதிரே இரண்டு ரயில்கள் போயின.

"அன்னைக்கே உனக்குத் தெரியும்லா?"

"கேம் முதுகப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி. எப்ப வெக்கிறீங்கன்னு தெரில. கொயந்த சொன்ன ஒடனே, பூச முடிஞ்சி வந்து வெக்கிறீங்கன்னு புரிஞ்சிச்சி."

"ஏன் சொல்லல? எல்லாரும் நின்னாங்கன்னா? என் மானம் போயிரும்னா?"

மாமா தலையை ஆட்டினார். "நான் அவ்ளோ பெரிய ஆள் இல்ல மச்சான். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். வேறொருவர் அந்த இடத்தில் சொல்லியிருப்பார். அவர் தரையைப் பார்த்து நன்றாக எண்ணிவிட்டு, "மாட்டேன்" என்றார்.

"அதான்."

"இப்ப நான் சொல்றதையும் எவனும் நம்பல. அஞ்சு வீட்டுக்குப் போனேன். என்னவோ நான் உன்ன மன்னிச்சுட்ட மாதிரி பேசுறானுவ."

மாமா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார், தொடையில் தட்டித் தட்டி, இருமல் வரும்வரை சிரித்தார். "மச்சான், நம்ம ரெண்டு பேரும் இப்ப ஒரே பேட்டை" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் பார்க்காதவள்போல் ரயில் பாதையைப் பார்த்தேன்.

"நாளைக்கு வா. உங்க அக்கா அடுப்பு பத்த வைக்க மாட்டேன்னுட்டா."

மாமா சாக்கருகே குனிந்தார். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி, டாப்பெட் திருகும் ஒன்பதாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் வெளியே எடுத்துப் பலகைமேல் வைத்தார். சற்று நேரம் கழித்து அப்பா எழுந்து போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிருச்சுன்னு நெனைக்கிறேன்."

"அவசரப்படாதீங்க மச்சான்" என்றார் மாமா. "இன்னும் சூடு கீது. ஒக்காருங்க."

அப்பா வந்து உட்கார்ந்தார்.